அரிப்பும் சாந்தியும்

துன்பம் என்னும் பொருளைப் பற்றி விசாரணை செய்த பெரியோர்கள், நம் தேசத்தவரானாலும் பிற தேசத்தவரானாலும், மூப்பையும் பிணியையும் மரணத்தையும் பிரிவையும் பற்றி நிரம்பப் பேசியிருக்கிறார்கள். ஆனால் நள்ளிரவில் மனிதனை எழுப்பி உட்காரவைத்து, விளக்கைப் போடச் செய்து, தன் காலைத் தானே இரத்தம் கசியும்வரை பிறாண்டவைக்கும் அரிப்பு என்ற அற்ப உபாதையைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அறிய வேண்டுமானால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது. தேடுகிறவனுக்கு ஏமாற்றம் இல்லை. வலி கையை விலக்குகிறது; நெருப்பில் பட்ட விரல் யாரும் சொல்லாமலே பின்வாங்கிவிடுகிறது. அரிப்போ கையை வாவென்று அழைக்கிறது. 1660-ஆம் ஆண்டில் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் என்ற ஜெர்மானிய வைத்தியர் அரிப்புக்கு இலக்கணம் வகுத்தபோது, பிரியமற்றதாக இருந்துகொண்டே சொறியும் ஆசையைத் தூண்டுகிற உணர்ச்சி அது என்று எழுதினார். நோயின் இலக்கணத்துக்குள்ளேயே ஆசையையும் வைத்த அந்த வைத்தியர், தாம் அறியாமலே தத்துவஞானிகளின் முற்றத்தில் கால்வைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால், சொறிவதில் ஒரு சுகம் இருக்கிறது; அந்தச் சுகம் உண்மையானதா என்ற கேள்வி மிகப் பழையது. கிரேக்க ஞானியாகிய பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ என்ற சம்வாதத்தில், ஆசைகளை வளர்த்து அவற்றைத் தடையின்றி நிறைவேற்றிக்கொள்வதே இன்ப வாழ்வு என்று வாதாடும் கல்லிக்ளீஸை நோக்கி, ஆயுள் முழுவதும் அரிப்பெடுத்து ஆயுள் முழுவதும் சொறிந்துகொண்டிருப்பவனும் இன்பவான்தானா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். வீராப்பாகப் பேசிவந்த அந்த மனிதர் முகம் சுளித்துக்கொண்டு ஆமென்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. பாகவதத்தின் ஏழாவது ஸ்கந்தத்தில், பிரகலாதன் நரசிங்கப் பெருமானைத் துதிக்கும் இடத்தில், சம்சாரிகளின் போகம் கையைக் கையால் சொறிந்துகொள்வதைப் போல் துக்கத்தின்மேல் துக்கமாய் வளர்வதென்றும், தீரனாயிருப்பவன் அந்த ஊறலைப் பொறுத்துக்கொள்வான் என்றும் சொல்லப்படுகிறது. குழந்தையின் வாயில் இந்த உவமையை வைத்தவர் எவரோ, அவர் சொறி சிரங்கு கண்ட குழந்தைகளை அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆழமானது மஜ்ஜிம நிகாயத்தில் மாகந்தியன் என்ற பரிவிராஜகனுக்குப் புத்தர் கூறும் திருஷ்டாந்தம். உடம்பெல்லாம் புண்ணாகிப் புழு அரிக்கும் குஷ்டரோகி ஒருவன், நகத்தால் பொருக்கைப் பிறாண்டிக்கொண்டு, கனல் நிறைந்த குழியின் ஓரத்தில் உடம்பைக் காய்ச்சிக்கொள்கிறான். அதில் அவனுக்கு ஓர் இதம் உண்டாகிறது. நல்ல வைத்தியன் ஒருவன் வந்து அவனைக் குணப்படுத்திவிட்ட பிறகு, பலசாலிகள் இருவர் அவனைப் பிடித்து அதே குழிக்கு இழுத்துப்போனால், அவன் உடம்பை அப்படியும் இப்படியுமாக முறுக்கித் திமிறுவான். நெருப்பு இப்போதுதான் சுடத் தொடங்கியதா, முன்னும் சுட்டதா என்று புத்தர் கேட்கிறார். முன்னும் சுட்டதுதான், அவனுடைய இந்திரியங்கள் பழுதுபட்டிருந்ததால் சுடுவதையே சுகமென்று அறிந்தான் என்பது விடை. சுகம் தோன்றியது பொய்யன்று. எதைச் சுகமென்று காட்டியதோ அந்தக் கருவிதான் பொய்த்துப்போயிருந்தது. இக்காலத்து நரம்பு சாஸ்திரமும் ஒரு வகையில் இதற்குச் சாட்சி சொல்கிறது: நகம் தோலில் உண்டாக்கும் சிறுவலி, முதுகுத்தண்டில் அரிப்பின் செய்தியை அமுக்கிவிடுவதனால்தான் சொறிந்தவுடன் ஆறுதல் பிறக்கிறது; கிழிந்த தோல் மேலும் அழன்று மேலும் அரிக்கிறது; மறுபடியும் நகம். சொறியச் சொறிய வளரும் இந்தச் சக்கரத்தை டாக்டர்களும் சக்கரம் என்றே குறிக்கிறார்கள்.

இவ்வளவையும் படிப்பவன், அரிப்பைப் பொறுத்துக்கொள்வதே ஞானம், களிம்பைத் தேடிப்போவது அஞ்ஞானம் என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடும். அப்படி முடிவு கட்டுவது அவசரம். கனற்குழியின் உபமானத்தைச் சொன்ன அதே ஆசிரியரின் சங்கத்தில் நடந்ததாக விநய பிடகம் குறித்துவைத்துள்ள வேறொரு செய்தியும் இருக்கிறது. உபதேசங்களைப் போற்றுகிறவர்கள் இத்தகைய சில்லறைச் செய்திகளைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். ஆனந்தருக்கு உபாத்தியாயராயிருந்த பேலட்டசீசர் என்ற முதிய பிக்குவுக்கு நீர்வடியும் புண்கள் உண்டாகி, அந்த நீரால் சீவரங்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. மற்றப் பிக்குகள் துணியைத் தண்ணீரால் நனைத்து நனைத்து மெதுவாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். இடங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்த புத்தர் இதைக் கண்டார். அவர் அந்த முதியவருக்கு அநித்தியத்தைப் பற்றி உபந்நியாசம் செய்யவில்லை. அரிப்போ கட்டியோ நீர்ப்புண்ணோ உள்ள பிக்குகள் மருந்துப் பொடி உபயோகிக்கலாம் என்று அநுமதி கொடுத்தார். இதேபோன்ற சந்தர்ப்பத்தில் புண்ணின்மேல் இட்டுக்கொள்ளத் தனியாக ஒரு துணியையும் அநுமதித்தார். நாபிக்குக் கீழும் முழங்காலுக்கு மேலும் அரிப்புள்ளவர்களுக்கென்று ஏற்பட்ட அந்தத் துணிக்கு விநயத்தில் ‘கண்டுப் படிச்சாதி’ என்று பெயர்.

கதை அங்கே முடிந்திருந்தால் கருணையைப் பற்றிய கதையாக நின்றிருக்கும். ஆனால் சங்கத்தில் எந்த அநுமதி கிடைத்தாலும் அதை விபரீதமாக்கிவிடும் ஆறுபேர் கோஷ்டி ஒன்று இருந்தது. விநயத்தின் விதிகளில் கணிசமான பகுதி அவர்களுடைய கைங்கரியத்தால் ஏற்பட்டதே. துணி அநுமதிக்கப்பட்டுவிட்டது என்று கேட்டதும், அவர்கள் முன்னும் பின்னும் தரையில் இழுபடும்படி அளவில்லாத துணிகளைச் செய்து கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதன்பேரில் நியமம் வந்தது: சுகதர் எனப்படும் புத்தருடைய சாண் கணக்கில் நான்கு சாண் நீளம், இரண்டு சாண் அகலம், மிஞ்சினால் மிஞ்சியதை வெட்டியெறிந்துவிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதோடு, அந்தத் துணியைத் தனக்கென்று வைத்துக்கொள்வது நோய் இருக்கும் காலம் மட்டுந்தான் என்றும் விதித்தார்கள். நோய் தீர்ந்த பிறகு அதன்மேல் தனி உரிமை கொண்டாடக் கூடாது. சாந்தி தேடுவது குற்றமில்லை. அந்தச் சாந்திக்கு அளவும் உண்டு, காலமும் உண்டு, எவனுக்கு நோயோ அவனுக்கே அது என்ற வரையறையும் உண்டு. ஒரு மருந்துக் குழாயோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும் சின்னஞ்சிறு காகிதத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதும் இதைத் தவிர வேறொன்றுமில்லை என்பதை நினைத்து நான் ஆச்சரியப்படுவதுண்டு.

ஜைன முனிவர்களின் வழி இதனினும் கடினமானது. குளிரும் வெப்பமும் ஈயும் கொசுவும் புல்லின் உறுத்தலும் உடம்பின் அழுக்குமாக அவர்கள் சகித்துக்கொள்ள வேண்டிய பரீஷகங்கள் இருபத்திரண்டு. மகாவீரர் தவக்காலத்தில் தம் உடம்பைச் சொறிந்துகொள்வதில்லை என்று ஆசாராங்க சூத்திரம் சொல்கிறது. அந்த வைராக்கியத்துக்கு முன் தலைவணங்குவதைத் தவிர இல்லறத்தான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவனுக்கு விடிந்தால் உத்தியோகம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய குழந்தை இருக்கிறது. அவனைப் பார்த்து, சகித்துக்கொள் என்று சொல்லும் உரிமை, அவனைப் போலவே மூன்று இரவு தூங்காதவனுக்கு மட்டுமே உண்டு என்பது என் அபிப்பிராயம். ஆகவே நிவாரணம் தேடலாமா என்பதன்று நம் முன்னுள்ள பிரச்னை. எந்த நிவாரணம் சத்தியத்தை மறைக்காமல் துன்பத்தைத் தணிக்கிறது என்பதே பிரச்னை. அதற்கு விடை தேட மடாலயத்தைவிட்டு மருந்துக்கடைக்குப் போக வேண்டும்.

நம் ஊர்களில் வைகாசி, ஆனி மாதங்களின் புழுக்கத்தில் எந்த மருந்துக்கடையின் எதிரிலும் கால்மணி நேரம் நின்றால் இந்தக் காட்சியைக் காணலாம். லாரி ஓட்டுகிறவரோ, ஓட்டலில் அடுப்படியில் நிற்கிறவரோ, நாள் முழுவதும் வியர்வையில் ஊறிய ஒருவர் வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, தொடை இடுக்குல படை. போன தடவை குடுத்தீங்களே, அதே டியூப் ஒண்ணு குடுங்க” என்கிறார். கடைக்காரர் படையைப் பார்ப்பதில்லை. பார்க்கும்படி இருவரும் விரும்புவதுமில்லை. “ரெண்டு நாள்ல கேட்டுரும் தம்பி, காலைல ஒரு தரம் ராத்திரி ஒரு தரம் போடுங்க” என்று ஒரு குழாயைக் காகிதப் பையில் போட்டுக் கொடுக்கிறார். அவர் சொன்னது பொய்யன்று. இரண்டு நாளில் கேட்கத்தான் செய்கிறது. அரிப்பு அடங்குகிறது, சிவப்பு வெளுக்கிறது, செதில் மறைகிறது. வந்தவர் அன்றிரவு நன்றாகத் தூங்குகிறார். ‘போன தடவை’ என்று அவர் சொன்ன வார்த்தையில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது.

அந்தக் குழாயின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பெயர்களைப் படித்தால், பல சமயங்களில், பூஞ்சையைக் கொல்லும் மருந்து ஒன்று, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஒன்று, அவற்றோடு க்ளோபெட்டசால் போன்ற உக்கிரமான ஸ்டீராய்டு ஒன்று, எல்லாம் ஒரே களிம்பில் குழைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எது நோயாயிருந்தாலும் ஏதோ ஒன்று அதைக் கவனித்துக்கொள்ளும் என்பது இதன் பின்னாலுள்ள யுக்தி. ஸ்டீராய்டு பூச்சுக்களின் சரித்திரம் நீண்டதன்று. 1952-இல் நியூயார்க் நகரத்துத் தோல் வைத்தியர்களான சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிக் கரப்பான் முதலிய அழற்சிகள் தணிவதைக் காட்டினார்கள். எத்தனையோ குழந்தைகளின் உறக்கத்தை மீட்டுக்கொடுத்த கண்டுபிடிப்பு அது, அதைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. தகுந்த நோய்க்குத் தகுந்த வீரியத்தில் வைத்தியர் கொடுக்கும் ஸ்டீராய்டைக் கண்டு பயந்து, நோயைப் பாதியில் விட்டு அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயமும் மற்றவர்களுடைய துணிச்சலைப் போலவே அறியாமையில் பிறந்ததுதான். ஆனால் ஸ்டீராய்டு செய்வது உடம்பின் எதிர்ப்பை அடக்குவது. அரிப்பும் சிவப்பும் அந்த எதிர்ப்பின் அடையாளங்கள். எதிர்க்கப்பட்டது பூஞ்சையாக இருந்தால், எதிர்ப்பு அடங்கிய இடத்தில் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டால் வீட்டுக்குள் நுழைந்த திருடன் போய்விட்டான் என்று அர்த்தமாகாது.

வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, பாமரனும் பார்த்தவுடன் படர்தாமரை என்று சொல்லிவிடக்கூடிய அந்தப் படை, ஸ்டீராய்டு பட்டபிறகு தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. ஓரம் மங்கி, வட்டத்துக்குள் வட்டமாகி, அநுபவமுள்ள தோல் மருத்துவரும் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலொழிய நிச்சயிக்க முடியாதபடி வேஷம் போட்டுக்கொள்கிறது. மாறுவேடம் பூண்ட இந்தப் படைக்கு 1968-இலேயே இங்கிலாந்தின் மருத்துவர்கள் தனிப்பெயர் இட்டு எச்சரித்தார்கள். சரகர் முதலான நம் பழைய வைத்திய ஆசிரியர்கள் நோயை அறியும் வழிகள் ஐந்தைச் சொல்லும்போது, காரணம், முன்குறி, குறி, நோய் வளரும் விதம் என்பவற்றோடு உபசயம் என்பதையும் ஒன்றாக வைத்தார்கள். எது கொடுத்தால் தணிகிறதோ அதைக்கொண்டு நோய் இன்னதென்று ஊகிப்பது உபசயம். சாந்தியையே சாட்சியாக ஏற்றுக்கொண்ட நுட்பமான முறை அது. ஆனால் எந்த அழற்சியானாலும் சில நாள் தணித்துவிடும் ஒரு பொருள் கைக்கு வந்தபிறகு, சாந்தி எனும் அந்தச் சாட்சி எந்த வழக்கிலும் ஒரே வாக்குமூலத்தைக் கொடுக்கிறது. தணிந்தது, ஆகையால் மருந்து சரிதான் என்ற அநுமானம் இவ்விடத்தில் உடைந்துபோகிறது. தத்துவ சாஸ்திரத்தில் பிரமாணங்களைப் பற்றி இத்தனை விவாதம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு, இந்த ஒரு குழாயை உதாரணமாகக் காட்டலாம்.

பின்விளைவு வேறு இருக்கிறது. உக்கிரமான ஸ்டீராய்டை வாரக்கணக்கில் தடவிய தோல் காகிதம்போல் மெலிகிறது. தொடை இடுக்கிலும் அக்குளிலும், பிள்ளை பெற்ற வயிற்றில் காண்பதைப் போன்ற கோடுகள், அவற்றினும் அகலமாகவும் செக்கச்செவேலென்றும் விழுகின்றன. அவை பின்னர் வெளுக்குமே தவிர மறைவதில்லை. நிறம் வெளுக்கட்டும் என்று முகத்தில் இத்தகைய களிம்பைப் பூசிவந்த பெண்களுக்கு, கன்னம் சிவந்து, பரு அரும்பி, மயிர் முளைத்து, வெயில் பட்டால் எரிகிறது. நிறுத்தினால் இரண்டு நாளில் முகம் முன்னிலும் அதிகமாகச் சிவந்து எரிவதால், எரிச்சலைத் தணிக்க மறுபடியும் அதே களிம்பைத் தேடுகிறார்கள். கனற்குழியின் ஓரத்துக்குத் திரும்பத் திரும்பப் போன மனிதனை இதைவிடத் தெளிவாக எந்த வியாக்கியானமும் காட்டிவிட முடியாது. வீரியமிக்க க்ளோபெட்டசாலை மருத்துவர் எழுதிக்கொடுத்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடரக்கூடாது, ஒரு வாரத்தில் 50 கிராமைத் தாண்டக்கூடாது என்பது அந்த மருந்துக்கு விதித்திருக்கும் எல்லை. நம் கடைகளிலோ மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் சாதாரணம்.

2018-இல் மத்திய அரசாங்கம் 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது, கடைக்காரர் கையும் வந்தவர் கையும் பழகிய வழியில்தான் போகின்றன. இதில் கடைக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமன்று. இடுக்கில் வந்த நோயை டாக்டரிடம் காட்டுவதற்கு வெட்கம். காட்டப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. போய் வரிசையில் நின்றால் இரண்டு நிமிஷத்தில் ஒரு சீட்டு. இந்த நிலைமையில் இருப்பவன் கடையில் கிடைத்த குழாயை விவேகத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமலிருப்பதால் அவனுக்கு என்ன பிரயோஜனம்?

முதலில் மருந்து அல்லாதவற்றிலிருந்து தொடங்கலாம். அரிக்கிற இடத்தில் சுடுநீர் ஊற்றினால் அந்த நிமிஷத்துக்குச் சொர்க்கமாயிருக்கும். பிறகு தோல் வறண்டு இன்னும் அரிக்கும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் போட்டுவைப்பது அவ்வளவு இன்பமாக இராது, ஆனால் தணிக்கும். வறண்ட தோலின் அரிப்புக்குக் குளித்த ஈரம் காய்வதற்குள் வாசனையற்ற ஏதேனும் ஒரு மெழுகுக் களிம்பையோ வாஸலினையோ தடவுவதே பாதி சிகிச்சை. வேர்க்குருவுக்கும் பூச்சிக்கடிக்கும் காலமைன் லோஷன் போதும். துத்தநாக பஸ்மத்தோடு சிறிது இரும்புத் துருவின் நிறம் சேர்ந்த அந்த ரோஜாநிறத் திரவம் பாட்டி காலத்திலிருந்து அலமாரியில் இருந்துவருகிறது. குலுக்கிவிட்டுப் போட வேண்டும், நீர்வடியும் புண்ணிலும் கண்ணருகிலும் போடக்கூடாது. புதினாச் சத்தும் கர்ப்பூரமும் சேர்ந்த தைலங்கள் குளிர்ச்சியுணர்வைத் தூண்டி அரிப்பை மறக்கச் செய்பவை. கிழிந்த தோலில் பட்டால் எரியும். தெய்வ சந்நிதியில் சேஷமின்றி எரியும் கர்ப்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பை உண்டாக்கக் கூடியது என்பதையும், சிறு குழந்தையின் மூக்கருகிலும் மார்பிலும் அந்தத் தைலங்களைப் பூசக்கூடாது என்பதையும் நம் வீடுகளில் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை.

மருந்தே அரிப்புக்குக் காரணமாகிவிடுவதும் உண்டு. வெட்டுக்காயத்துக்கும் சிரங்குக்கும் போடும் நியோமைசின் களிம்பு சிலருடைய தோலுக்கு ஒவ்வாமல் கரப்பானைக் கிளப்புகிறது; அரிப்பு அடங்கட்டும் என்று தோலின்மேலேயே தடவும் ஹிஸ்டமின் எதிர்ப்புப் பூச்சுக்களும், மரத்துப்போகச் செய்யும் பூச்சுக்களும் அப்படியே. இயற்கையானது, மூலிகையானது என்ற விசேஷணங்கள் இதில் பாதுகாப்பு அளிப்பதில்லை; சேராங்கொட்டையும் மூலிகைதான். எதையும் முதன்முறையாகப் போடும்போது முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஓரிரு நாள் பார்ப்பதும், தடவத் தொடங்கியபின் அரிப்பு அதிகமாகிப் பூசிய இடத்தின் எல்லை வரைக்கும் சிவந்தால் மருந்தைக் குற்றவாளியாகச் சந்தேகிப்பதும் நல்லது.

சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கும் தேசங்கள் பலவற்றிலும் அப்படி விற்கப்படுவது ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையான வகைதான். அதையும் ஏழு நாளுக்கு மேல் தன்னிஷ்டமாகத் தொடரவேண்டாம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வைத்தியரைக் கேளாமல் போடவேண்டாம் என்று அங்கே உறையில் எழுதியிருக்கிறார்கள். அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் கணுவரை குழாயிலிருந்து பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது வளர்ந்த மனிதனின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதுமானது. சாணுக்கும் விரலுக்குமாக மனித உடம்பையே அளவுகோலாக்கிக்கொள்ளும் வழக்கம் இருபத்தைந்து நூற்றாண்டாகியும் போகவில்லை. முகம், கண்ணிமை, இடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களின் தோல் மெல்லியது; முன்கை உறிஞ்சுவதைப்போல் பல மடங்கு மருந்தை அவை உறிஞ்சிவிடும்; ஆகையால் அங்கே பிறர் சொன்ன களிம்பு எதுவும் வேண்டாம். பூஞ்சைப் படை என்று நிச்சயமானால் ஸ்டீராய்டு கலவாத பூஞ்சை மருந்தை மட்டும், படையின் ஓரத்துக்கு வெளியே இரண்டு விரற்கடைவரை, அரிப்பு நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன காலம்வரை போட வேண்டும். அரிப்பு நின்றதும் குழாயை மூடிவிடுவதுதான் நம் சுபாவம். பூஞ்சைக்கு அது தெரியும் போலும்.

வீங்கிச் சீழ் பிடித்தால், காய்ச்சல் கண்டால், உதடும் முகமும் தடித்து மூச்சு முட்டினால் களிம்பைப் பற்றி யோசிக்க நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோலில் ஒரு தடிப்புமில்லாமல் உடம்பு முழுவதும் வாரக்கணக்கில் அரித்தால் ஈரல், சிறுநீரகம், தைராய்டு முதலியவற்றைப் பரிசோதிப்பது அவசியம்; அந்த அரிப்பு உள்ளேயிருந்து வருவது, வெளியே பூசி அதை அடக்க முடியாது.

அரிப்பு முற்றிலும் சொந்த விஷயம் என்றும், என் தோல், என் குழாய், என் காசு என்றும் நினைப்பது இயல்பே. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நம் காலத்துப் படர்தாமரை சோதித்துவிட்டது. டெர்பினஃபைன் என்ற நல்ல பூஞ்சை மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சை இனத்தை 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்து, நம் தேசத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்படி டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். ஸ்டீராய்டு கலந்த குழாய்களும் பாதியில் விட்ட சிகிச்சைகளும் அதன் பரவலுக்குத் துணை செய்தவை என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். தன் ஓர் இரவின் உறக்கத்துக்காக ஒருவன் தடவிய களிம்பு, அவன் கண்ணால் காணாத அயலூர்க்காரனின் மருந்தைப் பயனற்றதாக்குகிறது. வினை செய்தவனையே சேரும் என்று படித்த நமக்கு, வினை இப்படிச் செய்யாதவனையும் போய்ச் சேர்வது சற்று உறுத்தலான செய்திதான்.

இதற்கு நேர் எதிரான நிலையைச் சொறியில் பார்க்கலாம். 1687-இல் இத்தாலிய வைத்தியரான பொனோமோ நுண்ணோக்கியில் கண்டு எழுதிய சிற்றுண்ணிதான் அதற்குக் காரணம். (அந்தச் சிற்றுயிரைக் கொல்வது ஹிம்ஸையாகாதா என்ற சங்கையை, தவம் பூண்டவர்களுக்கே விட்டுவிடுகிறேன், வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை.) விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் குருக்கள் தோன்றி, இரவில் அதிகமாக, வீட்டில் ஒருவர் பின் ஒருவராகச் சொறியத் தொடங்கினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். முதன்முறை தொற்றியவருக்கு உண்ணி ஏறி நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே அரிப்பு தொடங்கும். ஆகையால் வைத்தியர் பெர்மெத்ரின் களிம்பு எழுதிக்கொடுத்து, வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் போட வேண்டும் என்று சொல்லும்போது, “எனக்குத்தான் அரிக்கவே இல்லையே, நான் எதுக்குப் போடணும்?” என்று மாமனாரோ பாட்டியோ கேட்பது அநேகமாக எல்லா வீட்டிலும் நடக்கிறது. அரிக்கிறவனே மருந்து தேடுவான் என்ற நியாயம் இந்த ஒரு வியாதியில் செல்லாது. அரிக்காதவர்களும் மற்றவர்களுக்காகக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரலிடுக்கும் நகத்தடியும் விடாமல் தடவிக்கொண்டு, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து காலையில் குளித்து, உடுத்தியதையும் விரித்ததையும் வெந்நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்தி, ஒரு வாரம் கழித்து அதையெல்லாம் இன்னொரு முறை செய்ய வேண்டும். உண்ணி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு மிச்சமிருக்கும். அதைக் கண்டு மருந்து கேட்கவில்லை என்று எண்ணி, தினம் தினம் அதே களிம்பைப் பூசிக்கொண்டிருக்கக் கூடாது.